எஸ்ஸை வெட்டாதீர்கள்: ஊட்டி, குன்னூர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களே, காட்டேஜ் நடத்துகிறவர்களே,

வணக்கம். குன்னூரில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். உங்களில் பலருடைய விசிட்டிங் கார்டும் ஃப்ளெக்ஸும் என் கையால்தான் போயிருக்கும். போன சீசனில் ஒரு பேக்கரிக்கு வர்க்கி டப்பா லேபிள் செய்தேன். ‘ஒன் ஆஃப் த ஓல்டஸ்ட் பேக்கரீஸ்’ என்று போட்டிருந்தேன். புரூஃப் பார்க்க வந்த முதலாளி, “நமக்கு ஒரே கடைதானே தம்பி, எதுக்கு பேக்கரீஸ்?” என்று சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. ‘பேக்கரி’ என்றே ரெண்டாயிரம் லேபிள் அச்சாகிப் போனது. பஸ் ஸ்டாண்ட் கடையில் அந்த டப்பா கண்ணில் படும்போதெல்லாம் சங்கடமாக இருக்கிறது.

அவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லாருக்குமாகச் சொல்கிறேன். இதற்கு கிராமர் புத்தகம் வேண்டாம். தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ‘பழைய பேக்கரிகளில் ஒன்று’. ‘பேக்கரியில் ஒன்று’ என்று யாராவது சொல்வார்களா? இங்கே ‘கள்’, அங்கே ‘எஸ்’. யுனெஸ்கோ பட்டியலில் இந்திய மலை ரயில்கள் மூன்று: டார்ஜிலிங், கால்கா–சிம்லா, நம்ம ஊர் ரயில். மூன்று இருப்பதால்தான் நம்முடையது ‘அவற்றில் ஒன்று’.

வினைச்சொல்லுக்கும் தமிழையே கேளுங்கள். ‘அந்த ரயில்களில் ஒன்று குன்னூர் வழியாகப் போகிறது’ என்போம், ‘போகின்றன’ என்று சொல்ல மாட்டோம். ஆகவே ‘ஒன் ஆஃப் தோஸ் ட்ரெயின்ஸ் கோஸ்’. நன்றாகப் படித்தவர்கள்கூட பக்கத்திலிருக்கும் பன்மையைப் பார்த்து இங்கே ‘கோ’ போட்டுவிடுவார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். ‘இன்றும் ஓடும் மலை ரயில்களில் ஒன்று’ என்பதில் ‘ஓடும்’ பெயரெச்சம். அதற்கு ஒருமை பன்மை கிடையாது. இங்கிலீஷில் உண்டு. ஓடுவது எல்லா ரயில்களும்தானே, அதனால் ‘தட் ஸ்டில் ரன்’. ‘ரன்ஸ்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, எனக்கு ‘ரன்’தான் சரியாகப் படுகிறது.

அப்புறம், தொட்டபெட்டா டாக்சி நண்பர்களே. ‘ஒன் ஆஃப் த ஹையஸ்ட் பீக்ஸ் இன் த நீல்கிரிஸ்’ என்று போடச் சொல்கிறீர்கள். 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரம் அதுதான். இருப்பதைவிடக் குறைத்து எதற்கு விளம்பரம்? வெறும் ‘த ஹையஸ்ட் பீக்’ போதும்.

அடுத்த சீசனுக்கு மேட்டர் கொண்டுவரும்போது ‘எஸ்’ஸில் கை வைக்காதீர்கள். பேக்கரி அண்ணா, நீங்கள் இதைப் படித்தால் ஒரு ஃபோன் போடுங்கள். புது லேபிள் அடித்துத் தருகிறேன், பேப்பர் காசு மட்டும் கொடுத்தால் போதும்.