‘நிறுத்துங்க’ என்று சொன்னவர்களுக்கு

இரண்டாம் ஷிப்ட் தோழர்களுக்கும், மெயின்டனன்ஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் பிரிவினருக்கும் அன்பு வணக்கம்.

11 வருடம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்துவிட்டு இந்த மாதத்தோடு அந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வழியனுப்பும் நாளில் என்னைப் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதிவிடுகிறேன். ‘நம்மளைப் புரிஞ்ச மனுஷன்’ என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குணம் என்னோடு பிறந்ததில்லை. உங்களில் யாரோ ஒருவர் கொடுத்ததுதான் ஒவ்வொன்றும். யார் எதைக் கொடுத்தீர்கள் என்று எல்லோரும் அறியச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

முதல் நன்றி அந்த அப்ரண்டிஸ் தம்பிக்கு. நான் இன்சார்ஜ் ஆன முதல் வருடம். மூன்றாவது மெஷினில் சத்தம் மாறியிருக்கிறது என்று வந்து சொன்னாய். அன்றைய உற்பத்திக் கணக்கு பின்தங்கியிருந்த நேரம். “உன் வேலையைப் பாரு” என்றேன், எட்டுப் பேர் எதிரில். இரண்டு மணி நேரத்தில் பேரிங் இறுகி மெஷின் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். சத்தம் கூடிக்கொண்டே போனது உனக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் நீ இரண்டாவது முறை வந்து சொல்லவில்லை. உன் வாயை அடைத்தது நான்தான். இன்றைக்கும் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வரும்போது உன் அன்றைய முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அன்று மெயின்டனன்ஸ் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். திட்டுவார் என்று நினைத்தேன். “அந்தப் பையன் பேரு என்ன?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “நாலு மாசமா உன்கூட நிக்கிறான். பேரே தெரியலைன்னா, அவன் சொல்றது உன் காதுல எப்படிப்பா ஏறும்?” அண்ணே, அதைத் தனியாகச் சொன்னதற்குத்தான் பெரிய நன்றி. எட்டுப் பேர் முன்னால் சொல்லியிருந்தால் நான் வீம்பு பிடித்திருப்பேன், எதையும் கற்றிருக்க மாட்டேன்.

மறுநாள் அதே எட்டுப் பேர் முன்னால் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் குத்திவிட்டுத் தனியறையில் மருந்து போடுவது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

பிறகு வந்த பயிற்சி வகுப்பில் அந்த ஆசிரியை சொன்ன விமானக் கதையை நான் மறக்கவே இல்லை. 1978 டிசம்பரில், யுனைடெட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 173-ஆம் விமானம் அங்கே போர்ட்லாந்து நகரில் இறங்க வேண்டும். சக்கரத்தில் ஏதோ கோளாறு. கேப்டன் அதிலேயே மூழ்கி வானில் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைந்துகொண்டே போவது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்தார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். இதைப் போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் மேலே இருப்பவர் காதுகொடுக்கவும் விமானிகளுக்கு முறையாகப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். 1989-இல் அதே நிறுவனத்தின் 232-ஆம் விமானம் கட்டுப்பாட்டுக் கருவிகளை எல்லாம் இயக்கும் ஹைட்ராலிக் முழுவதையும் இழந்தது. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த இன்னொரு விமானியின் உதவியையும் ஏற்றுக்கொண்டார். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சியைத்தான் ஹேன்ஸ் பிற்பாடு நன்றியோடு குறிப்பிட்டார். மேடம், அதைக் கேட்ட எனக்கு என் மூன்றாவது மெஷின்தான் கண்முன் நின்றது. அன்றிலிருந்து ஷிப்ட் தொடங்கியதும் ஒவ்வொரு மெஷினுக்கும் போய், “இன்னைக்கு உங்களுக்கு என்ன உறுத்துது?” என்று கேட்கிறேன். பதில் உடனே வராது. நின்று காத்திருக்க வேண்டும். நான் முதலில் வாய் திறந்துவிட்டால் அவர்கள் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும்.

குவாலிட்டி அக்காவுக்கு நன்றி. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் நான் கேட்கும் முதல் கேள்வி “யாரு பண்ணது?” என்பதாக இருந்தது. நீங்கள் ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தாமல், “எப்படி ஆச்சுன்னு பார்ப்போமா?” என்று திருத்தினீர்கள். ‘யாரு’ என்றபோது ஆட்கள் ஒளிந்தார்கள். ‘எப்படி’ என்றபோது தேய்ந்த டூலைத் தாங்களே கொண்டுவந்து காட்டினார்கள்.

பழைய மேனேஜர் சாருக்கும் நன்றி. நான் போட்ட திட்டம் சொதப்பி மேலிடக் கூட்டத்தில் கேள்வி எழுந்தபோது, “நான்தான் ஒப்புதல் கொடுத்தேன்” என்று எழுந்து நின்றீர்கள். வெளியே வந்து என்னிடம் கணக்குக் கேட்டதும் நீங்கள்தான். இரண்டையும் செய்தீர்கள்.

ஸ்டோர்ஸ் நண்பர்களே, நான் அவசரத்தில் கத்திய நாட்களிலும் பொருளை எடுத்துக்கொடுத்தீர்கள். மிக்க நன்றி.

அசெம்பிளியில் இருக்கும் சகோதரி ஒருவருக்கு எழுதும்போதுதான் கை தயங்குகிறது. உங்கள் அம்மா உடல்நிலை மோசமாக இருந்த வாரம், விடுப்புக் கேட்டு வந்தீர்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே “சரி, போயிட்டு வாங்க” என்றேன். பல மாதம் கழித்துச் சொன்னீர்கள்: “லீவு குடுத்தீங்க சார். ஆனா நிமிர்ந்து பாக்கலை.” விதிப்படி என்மேல் குற்றமில்லை. ஆனாலும் நீங்கள் வந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் நான் அங்கே இல்லை. அதன்பின் யார் வந்தாலும் முதலில் திரையை அணைத்துவிடுகிறேன். அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

என் முதல் இரண்டு வருடங்களில் என் நாக்கு தாங்காமல் வேறு பிரிவுக்கு மாறிப் போனவர்கள் இருக்கிறீர்கள். நன்றி சொல்லும் உரிமை உங்களிடம் எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த திங்கள் முதல் இந்த ஷிப்ட்டை நடத்தப்போவது அன்றைய அப்ரண்டிஸ் தம்பிதான். போன வாரம் அவனோடு ஒரு சுற்று வந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கன்வேயரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அவள் பெயரைச் சொல்லி அழைத்தான். பிறகு காத்திருந்தான்.

உங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்ட,
இரண்டாம் ஷிப்ட் இன்சார்ஜ்