ஞாயிறு காலை தூணுக்குக் கான்கிரீட்

நண்பர்களே, நகரும் கூரை போட்ட நம் வான்நோக்குக் கூடத்துக்கு ஞாயிறு காலை 7 மணிக்குத் தொலைநோக்கியைத் தாங்கும் தூணின் அடித்தளம் போடுகிறோம். முடிந்தவர்கள் கைகொடுக்க வாருங்கள்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்: தூண் எங்கேயும் தரைத்தளத்தைத் தொடக் கூடாது. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தொட்டால், பக்கத்தில் ஒருவர் நடந்தாலே 200 மடங்கு பெரிதாகத் தெரியும் சனிக்கோள் ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையில்) நடுங்கும். வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே தெரியும் அந்த மெல்லிய கருப்பு இடைவெளி கலைந்துபோகும். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு!

கூரையின் பள்ளச் சக்கரங்கள் இரு பக்கமும் கவிழ்த்துப் போட்ட இரும்பு ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) மேல் ஓடும். இரண்டு ஆங்கிளும் இணையாக, ஒரே மட்டத்தில் இல்லையென்றால் கூரை பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம், காற்று தூக்காமலிருக்க நான்கு மூலையிலும் கொக்கி. கான்கிரீட் பலம் பிடிக்க 28 நாள் விடுவோம். அதுவரை தொலைநோக்கியை ஏற்ற வேண்டாம்.