ரங்கப்பிள்ளை மாளிகையைப் படிக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கும் மாளிகையைப் பற்றி நாங்கள் சில நண்பர்கள் தயாரித்த சிறு தொகுப்பு நிறைவடைந்துவிட்டது. உதவியவர்கள் தங்கள் பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, கதவைத் திறந்துவிட்ட பெரியவருக்கு. கீழ்த்தளத்தின் செதுக்கு வேலை மிகுந்த மரத்தூண்கள் நம்மூர் வீடுகளின் சாயலிலும், மேல்தளத்தின் சுதைத் தூண்கள் ஐரோப்பியர் பாணியிலும் இருப்பதை நாங்கள் படங்களில் பார்த்திருந்தோம். ஆனால் ஒரே படிக்கட்டில் ஏறும்போது ஓர் உலகிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுபோல் தோன்றும் என்பதை அவரோடு ஏறியபோதுதான் உணர்ந்தோம். பகலில் பிரெஞ்சு ஆளுநரிடமும் மாலையில் தமிழ் வணிகரிடமும் புலவரிடமும் பேசவேண்டியிருந்த ஒரு துபாஷி, தனக்குக் கட்டிக்கொண்ட வீடு வேறு எப்படி இருந்திருக்க முடியும்?

அடுத்து, பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு. 1709-இல் பிறந்த பிள்ளை, நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பரில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். புள்ளியில்லாத மெய்கள், குறில் நெடில் காட்டாத கொம்புகள், ‘கும்பனீர்’ (கம்பெனியார்), ‘முசே’ (பிரெஞ்சில் ‘திரு’) போன்ற சொற்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் நாங்கள் தடுக்கி விழுந்தோம். ஒரே வரிக்கு மூன்று முறை விளக்கம் கேட்டபோதும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746-இல் மறைந்த பிறகு அந்தப் பதவிக்கு நடந்த இழுபறியைப் பிள்ளை எழுதியிருக்கும் விதத்தை அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது, எழுதியவரின் ஆசையும் அச்சமும் குரலாகவே கேட்டன. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் காலத்து அரசியலைவிட எனக்கு இந்த மனிதரின் பதற்றமே பெரிதாகப் பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நூலகப் பணியாளர் ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1904 முதல் 1928 வரை வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் பன்னிரண்டு தொகுதிகளையும் ஒன்று விடாமல் எடுத்துத் தந்தவர் அவர்.

வாழ்வோருக்கு மட்டும் நன்றி சொன்னால் கணக்கு நேராகாது. நாட்குறிப்பின் கடைசிப் பதிவு 1761 ஜனவரி 12-ஆம் தேதிக்குரியது. பிள்ளை மறைந்ததும் அந்த மாதத்தில்தான். 16-ஆம் தேதி நகரம் ஆங்கிலேயர் வசமானது. கோட்டையும் கட்டடங்களும் தரைமட்டமாக்கப்பட்டன. அந்த அழிவிலும் இந்த வீடு தப்பியது. ஏடுகளோ குடும்பத்தாரிடம் உறங்கிக் கிடந்து, 1846-இல் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் கல்வா மோம்பிரேன் கண்ணில் பட்டன. அவர் எடுத்த பிரதியும், தமிழில் ஈடுபாடு கொண்ட பிரெஞ்சு அறிஞர் ஆரியேல் முயற்சியால் பாரிசுக்குச் சென்ற பிரதியும் இல்லையென்றால், இன்று மாளிகையின் முன் நிற்பவர் அழகான தூண்களைத் தவிர வேறொன்றையும் கண்டிருக்க மாட்டார். வீட்டைக் காத்த கைகள் வேறு, ஏட்டைக் காத்த கைகள் வேறு. இரண்டு தரப்பாரும் ஒருவரையொருவர் அறிந்தவரில்லை. இருவரும் செய்ததை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தது மட்டுமே எங்கள் வேலை.

படங்களை எடுத்தவருக்கும், மெய்ப்புத் திருத்தியவருக்கும், மதிய வெயிலில் எங்களுக்காக வாசலில் காத்திருந்த ஆட்டோ ஓட்டுநருக்கும் நன்றி. தொகுப்பில் பிழை ஏதேனும் கண்டால் அது எங்களுடையது. முதல் பிரதியை அந்தப் பெரியவரிடமே கொடுத்தோம். அவர் அதைக் கீழ்க்கூடத்து மரத்தூணருகே, வருகிறவர் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர் சார்பில்