எங்க பாட்டுக்குழுவுக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

அறுவடைத் திருவிழா ஆராதனை நல்லபடியா முடிஞ்சுது. அதுல வேதாகமத்தோட 126ஆம் சங்கீதத்த வச்சு எங்களுக்குன்னே எழுதின ஒரு புதுப் பாட்டு பாடினோம். வந்தவங்க போன்ல எடுத்த வீடியோவ சொந்தக்காரங்களுக்கு அனுப்ப, அவங்க இன்னும் நாலு பேருக்கு அனுப்ப, இப்ப ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு எல்லாப் பக்கமும் இருந்து அந்தப் பாட்டு யாரு எழுதினது, நோட்ஸ் கிடைக்குமான்னு கேக்குறாங்க. அதுக்குப் பதில் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி இதுக்குப் பின்னால நின்ன ஆளுங்களுக்கு நன்றி சொல்லியே ஆகணும். பேரு போட வேணாம்னு பாதிப் பேரு கண்டிப்பா சொல்லிட்டாங்க, மத்தவங்களுக்கு மட்டும் போட்டா நல்லா இருக்காது, அதனால யாரு பேரும் இல்ல. வாசிக்கும்போது அவங்கவங்களுக்குத் தெரியும்.

எங்கள தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை மலையகத்துல, டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கிற சின்ன கோயில் எங்களோடது. கோப்பிக் காலத்துல, 1854ல, 'தமிழ்க் கூலி மிஷன்'னு தொடங்கின ஊழியத்தோட வழியில வந்த சபை. பாட்டுக்குழுவுல முக்கால்வாசி கொழுந்து பறிக்கிற அக்காமாரு, மத்தது ஓ/எல், ஏ/எல் பரீட்சைக்குப் படிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ஆம்பளைக் குரல் எப்பவுமே பஞ்சம்தான். பையனுங்க கொஞ்சம் வளந்ததும் கொழும்புக்கு கடை வேலைக்குப் போயிடுறாங்க, நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) வந்தா உண்டு. அப்புறம் எங்க போயி டெனர், பேஸ்னு நாலு குரல் பிரிக்கிறது?

நாங்க காலங்காலமா பாடினது கீர்த்தனையும் ஞானப்பாட்டும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மாதிரி ஆளுங்க எழுதின கீர்த்தனைகள எங்க அப்பாயிமாரு புத்தகம் பாக்காமலே பாடுவாங்க, திருச்சி, சேலம், புதுக்கோட்டைன்னு கெளம்பி வந்த சனங்க மூட்டை முடிச்சோட அதையும்தானே சேத்துக் கொண்டு வந்தாங்க. ஞானப்பாட்டு வெள்ளைக்காரன் ராகத்துல வந்தது, அதுவும் எனக்கு உசிரு. ஆனா வேற பாஷைக்குப் போட்ட மெட்டுல தமிழ உக்கார வச்சதால குறில் வர்ற இடத்துல இழுக்க வேண்டி வரும், நெடில அவசரமா முழுங்க வேண்டி வரும், பழகிப்போச்சுன்னு நாமளும் அப்படியே பாடிக்கிட்டிருக்கோம்.

இதுல மாத்தம் வந்தது 2022ல. அந்த வருஷம் நாடே நொந்து கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு கட்டத்துல நாளைக்கு 13 மணித்தியாலம் லைட் கட். கீபோர்ட் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. அப்ப ரிட்டயர் ஆன ஒரு மியூசிக் மாஸ்டர் தன்னோட சுருதிப்பெட்டிய தூக்கிக்கிட்டு, பெற்றோல் இல்லாததால பஸ்ஸும் ஒழுங்கா ஓடாத நேரத்துல, மலை ஏறி நடந்தே வந்தாரு. மெழுகுதிரி வெளிச்சத்துல ச, பங்கிற ரெண்டு சுரம் மட்டும் புடிச்சுக்கிட்டு "இப்ப பக்கத்துல நிக்கிறவங்க பாடுறத காது குடுத்துக் கேளுங்க"ன்னாரு. கீபோர்ட் சத்தத்துல நாங்க ஒருத்தர ஒருத்தர் கேட்டதே இல்லங்கிறது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டாங்குரல் அங்கதான் பொறந்துச்சு. மாஸ்டர், ஒங்களுக்குத்தான் என்னோட முதல் நன்றி.

அப்புறம் பாட்டு எழுதித் தந்த டீச்சர். மட்டக்களப்புல விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துல படிச்சவங்க, இப்ப கண்டியில சங்கீதம் சொல்லிக் குடுக்குறாங்க. எங்க ஐயர், அதான் சபைப் போதகர், போயி கேட்டதும் அவங்க கேட்ட மொத கேள்வி "எந்த வசனம்?"னு இல்ல, "ஒங்க ஆளுங்க எந்த சுரம் வரைக்கும் பாடுவாங்க?"ங்கிறது. சொன்னதோட நிக்கல, ஒரு ஞாயித்துக்கிழமை நேரா வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டாங்க, ஆராதனை முடிஞ்சதும் ஒவ்வொருத்தரையா தனித்தனியா பாடச் சொல்லி கொப்பியில எழுதிக்கிட்டாங்க. கூச்சப்பட்ட அக்காமாரு ரெண்டு பேரு கோயிலுக்குப் பின்னால போயி நின்னு பாடினாங்க, அதையும் போயி கேட்டு எழுதினாங்க.

எடுத்தது 126ஆம் சங்கீதம், "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்". நாலு குரல் வேணாம், மூணு போதும்னு முடிவு பண்ணினாங்க, பொம்பளைக்கு ரெண்டு, ஆம்பளைக்கு ஒண்ணு, அந்த ஆம்பளைக் குரலும் ஒரு ஸ்தாயிக்குள்ளயே அடங்கிடும், அப்பத்தான் குரல் ஒடையிற வயசுப் பையனும் தாத்தாவும் ஒண்ணா நிக்க முடியும். ராகம் மோகனம். அதுல மத்யமமும் இல்ல நிஷாதமும் இல்ல, அஞ்சே சுரம். மேல்நாட்டு முறைப்படி மூணு மூணு சுரமா அடுக்கப் பாத்தா அந்த அஞ்சுக்குள்ள ச-க-ப ஒண்ணு, த-ச-க ஒண்ணு, ரெண்டு கூட்டுத்தான் முழுசா கெடைக்கும். அதுக்காக வெளிச் சுரத்த இழுத்துப் போட்டா ராகம் போயிடும். டீச்சர் என்ன பண்ணினாங்கன்னா அடுக்குறதையே விட்டுட்டாங்க. ஆம்பளைங்க தம்புரா கணக்கா ச-பவ புடிச்சு நிப்பாங்க, மேல்குரல் ஒரு வரிய தொடங்கி பாதி போனதும் கீழ்க்குரல் அதே வரிய பின்னாடியே எடுக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொரத்திக்கிட்டே போயி "கெம்பீர"த்துல ஒண்ணா சேரும். நீட்டுற சுரம் சரியா அந்த 'பீ' மேல விழும், நம்ம வாய் இயல்பா எங்க நீளுமோ அங்க. மொத தடவ அந்த எடத்த சரியா பாடி முடிச்சப்ப எங்க மூத்த அக்கா ஒருத்தர் "இது நாம பேசுற மாதிரியே இருக்கே"ன்னாங்க. டீச்சருக்கு இதவிட பெரிய பரிசு இல்லன்னு நெனக்கிறேன்.

டீச்சர் காசு வாங்கிக்கிட்டதுக்கும் நான் நன்றி சொல்லணும். பெரிய தொகை இல்ல, ஆனா வேணாம்னு சொல்லல. கோயிலுக்குன்னா சும்மா செய்யணும்னு நாம நெனக்கிறோம், அப்படி சும்மா கெடச்சதுல ஒரு குறை இருந்தாலும் வாய் தொறந்து கேக்க மாட்டோம். இதுல எங்க பிள்ளைங்க தைரியமா போன் போட்டு "டீச்சர், இந்த மேல் ச எட்டல, எறக்கித் தாங்க"ன்னு கேட்டாங்க, அவங்களும் முகம் கோணாம மாத்தி மாத்தி அனுப்பினாங்க. பாட்டு எழுதினவங்க உசிரோட இருக்காங்க, போன் எடுக்குறாங்கன்னா அது எவ்வளவு பெரிய ஆசீர்வாதம்! பழைய காலத்துலயும் இப்படித்தானே, ஜெர்மனியில பாக்ங்கிற பெரிய இசையமைப்பாளர் 1723ல லைப்சிக் வந்தப்புறம் தன்கிட்ட இருந்த பாட்டுக்காரங்கள வச்சுத்தான் வாரா வாரம் புதுசா எழுதித் தள்ளினாரு, சாஸ்திரியாரும் தன் கண்ணு முன்னால இருந்த சனத்துக்குத்தான் எழுதினாரு. சின்ன சபைக்குப் புதுப் பாட்டு எதுக்கு, இருக்கிறது போதாதான்னு கேட்டவங்களுக்கு என்னோட பதில் இதுதான். பெரிய கோயில் எந்தப் பாட்டையும் எடுத்துப் பாடிக்கும், அங்க ஆள் இருக்கு. எங்கள மாதிரி சபைக்குத்தான் அளவெடுத்து எழுதித் தர ஆள் வேணும்.

அந்தக் காசுக்கு உண்டியல் மட்டும் பத்தல. கொழும்புல வேலை செய்ற நம்ம பையனுங்க ஆளாளுக்கு அனுப்பினாங்க, குவைத்துல இருக்கிற ஒரு தங்கச்சி அனுப்பினா. லீக்ஸ், கரட், கோவா, பூசணின்னு காணிக்கையா வந்த மரக்கறிய ஏலம் விட்டதுலயும் ஒரு பங்கு வந்துச்சு, ஒரே பூசணிக்காய மூணு தடவ ஏலத்துல எடுத்து திருப்பித் திருப்பிக் குடுத்த கடைக்கார முதலாளிக்கு கும்புடு.

இனி தப்பு விஷயம், குச்சியால அடிக்கிற தோல் பறையத்தான் சொல்றேன். "கெம்பீரத்தோடே" வர்ற எடத்துல தப்பு அடிக்கணும்னு டீச்சர் எழுதியிருந்தாங்க. சபையில பெரிய பேச்சாயிடுச்சு. சாவு வீட்டுலயும் காமன் கூத்துலயும் அடிக்கிறத கோயிலுக்குள்ள எப்படின்னு சிலர் கேட்டாங்க. இன்னொன்னும் இருக்கு, மறைக்காம சொல்றேன், தப்புன்னா கீழான வாத்தியம், அடிக்கிறவன் கீழானவன்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுங்ககிட்டயே இன்னும் கெடக்கு. வேதத்த வாசிச்சுக்கிட்டே அந்த நெனப்ப வச்சிருக்கிறது எனக்கு ரொம்ப வேதனை. ஐயர் பொறுமையா பேசினாரு, 150ஆம் சங்கீதத்த வாசிச்சாரு, சிங்கள சபையில தேவார் சூரியசேனா (1899–1981) கிராமத்து மெட்ட வழிபாட்டுக்குள்ள கொண்டு வந்து எவ்வளவோ காலமாச்சேன்னாரு. ஐயா, அன்னைக்கு நீங்க பின்வாங்கியிருந்தா இது நடந்திருக்காது.

எதிர்த்துப் பேசின பெரியம்மாவுக்கும் மனசார நன்றி. அவங்க சும்மா எதிர்க்கல. "கண்ணீர்னு வர்ற எடத்துல தப்பு கேட்டா எனக்கு எங்க வீட்டு சாவுதான் ஞாபகம் வரும், அழற எடத்துல அது வேணாம்"னாங்க. ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியல. டீச்சருக்குச் சொன்னோம், மொதப் பாதியில மெதுவா அடிக்க வச்சிருந்தத முழுசா எடுத்துட்டாங்க. இப்ப மொதப் பாதி வெறும் குரல், தப்பு அறுவடைக்கு மட்டும். பாட்டு இவ்வளவு நல்லா வந்ததுக்கு அது ஒரு பெரிய காரணம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அடிச்ச தாத்தாவப் பத்தி என்னன்னு சொல்றது. சின்ன வயசுல பிரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துக்கு, ஆள் கூப்புட விடியக்காலையில லயத்துக்கு லயம், வரிசை வீடு வரிசை வீடா, தப்பு அடிச்சவரு. அம்புட்டு வருஷமா அதே கோயில்ல கும்புடுறாரு, யாரும் அவர ஒண்ணும் அடிக்கச் சொல்லிக் கேட்டதில்ல. அன்னைக்கு மிஸ்ட் எறங்கி ஒரே ஈரம், தோல் தளந்து சத்தம் 'பொத்து பொத்து'ன்னு போச்சு. நிருபம் வாசிக்கிற நேரத்துல அவரு நைசா வெளிய போயி, சமையல் கொட்டாயில எரிஞ்சுக்கிட்டிருந்த மிலாறு (தேயிலைக் குச்சி விறகு) நெருப்புல தப்ப காட்டி, திருப்பித் திருப்பி வெரலால தட்டிப் பாத்து, கணீர்னு ஆனப்புறம் சேட்டுக்குள்ள அணைச்சுக்கிட்டு உள்ள வந்தாரு. சரியா நேரத்துக்கு வந்து நின்னாரு, கட்டைக்குச்சியும் மெல்லிசு குச்சியுமா அவரு அடிச்சப்ப பின்வரிசையில இருந்த பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. தாத்தா, ஆண்டவர் ஒங்க கைய ஆசீர்வதிக்கட்டும்.

இன்னும் இருக்காங்க. ஸ்டாஃப் நோட்டேஷன்ல வந்தத தமிழ் எழுத்துல ச ரி க பன்னு மாத்தி, ஒவ்வொரு குரலுக்கும் வேற வேற கலர் பேனையில எழுதின ஏ/எல் மகளுக்கு. போட்டோ கொப்பிக்கு காசு வாங்காத டவுன் கடை தம்பிக்கு. ஒவ்வொரு குரலையும் தனித்தனியா பாடி வட்ஸ்அப்ல வொய்ஸா அனுப்பினவங்களுக்கு, அத காதுல மாட்டிக்கிட்டே மலையில பறிச்சு மனப்பாடம் பண்ணின அக்காமாருக்கு. பிராக்டிஸ் நாள்ல மடுவத்துல கொழுந்து நிறுக்குறதுக்கு அவங்கள முன்னால விட்ட கங்காணி அண்ணனுக்கு. அந்த நாள்ல சோறாக்கி, பிள்ளைய பாத்துக்கிட்ட மாமியாருங்களுக்கும் வீட்டுக்காரங்களுக்கும், நீங்க இல்லன்னா பாட்டுக்குழுவே இல்ல. ராத்திரி மழையில மேட்டு லயம் வரைக்கும் பிள்ளைங்கள கொண்டு விட்ட ஓட்டோ அண்ணன் ஒரு நாளும் காசப் பத்திப் பேசல.

நோட்ஸ் கேட்டவங்களுக்கு: எங்க ஐயர்கிட்ட கேளுங்க, கொப்பி எடுக்குற செலவு மட்டும் குடுத்தா போதும். டீச்சர் எல்லா சபைக்கும் அனுமதி குடுத்துட்டாங்க, பாடுறப்ப அவங்க பேரச் சொல்லிட்டுப் பாடுங்க, அது மட்டும் கட்டாயம். ஒங்க ஆளுங்களுக்கு எட்டாத சுரம் இருந்தா நீங்களா மாத்தாம அவங்களுக்கு ஒரு கோல் போடுங்க, மாத்தித் தருவாங்க. நத்தாருக்கு சின்னப் பிள்ளைங்களுக்குன்னு ஒண்ணு எழுதிக்கிட்டிருக்காங்க, அதுக்கு ஆம்பளைக் குரல் ரெண்டு மூணு வேணும், லீவுல ஊருக்கு வர்ற தம்பிமாரு டிசம்பர் மொத வாரத்துலயே சொல்லிடுங்க.