‘உடலில் கரையக்கூடியது’ என்று எழுதினால் மட்டும் போதாது

உடலுக்குள் வைக்கப்படும் மருத்துவப் பொருட்களுக்கு விதி வகுக்கும் தரநிர்ணயக் குழுவினருக்கு,

வணக்கம். பாலிமர் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தையல் நூல், எலும்புத் திருகு, ரத்தக்குழாயை விரித்துத் தாங்கும் ஸ்டென்ட், மருந்துத் துகள் எல்லாமே ‘உடலில் கரையக்கூடியவை’ என்ற ஒரே சொற்றொடருக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு பொருள் எத்தனை நாள் தன் வலிமையைத் தாங்கும், எத்தனை நாளில் அடியோடு மறையும் என்ற இரண்டு கணக்குகளையும் தனித்தனியே குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

‘கரைதல்’ என்ற சொல்லே சற்று ஏமாற்றுகிறது. உப்பு நீரில் கரைவதுபோல் இவை கரைவதில்லை. விலங்குக் குடலிலிருந்து செய்யப்பட்ட பழைய தையல் நூலை உடலின் நொதிகள் செரித்தன. ஆகவே அதன் ஆயுள் ஆளுக்கு ஆள் மாறியது. 1970களில் பரவிய பாலிகிளைக்காலிக் அமில நூலிலோ நீர் உள்ளே புகுந்து, பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கோத்திருக்கும் எஸ்ட்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. சங்கிலிகள் குட்டையாகும்போது முதலில் போவது வலிமை. எடை குறைவது வெகுநாள் கழித்துத்தான். இதே வகையைச் சேர்ந்த பாலிகிளாக்டின் 910 நூல் மூன்று வாரங்களில் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடும், ஆனால் முழுதாக மறைய 56 முதல் 70 நாட்கள் ஆகும். நூலின் குறிப்பேட்டில் இவ்விரு விவரங்களும் ஏற்கெனவே இடம்பெறுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மற்றப் பொருட்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்கிறேன்.

திருகு போன்ற தடித்த பொருட்களில் சிக்கல் கூடுகிறது. லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களால் ஆன பாலிமர்கள் சிதையும்போது விளையும் அமிலம் உள்ளேயே தேங்கி, பிணைப்புகள் அறுபடுவதை மேலும் விரைவுபடுத்துவதால், வெளியே உறுதியாகத் தெரியும் பொருளின் நடுப்பகுதி முன்னதாகவே குழைந்துவிடக்கூடும். விரைவாகச் சிதைந்த பாலிகிளைக்காலிக் அமிலத் திருகுகளைச் சுற்றி, நோய்த்தொற்று ஏதுமின்றியே வீக்கமும் நீர்க்கசிவும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. (எல்லாப் பாலிமரும் இப்படியல்ல: 1996இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட, மூளைக் கட்டிக்கான மருந்து வில்லையில் உள்ள பாலிஅன்ஹைட்ரைடு, சோப்புக் கட்டியைப்போல் மேற்பரப்பிலிருந்து தேய்கிறது.)

பாலிலாக்டிக் அமிலத்தாலான ‘அப்சார்ப்’ என்ற இதய ஸ்டென்டை நினைவுகூருங்கள். 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது, உலோக ஸ்டென்டைவிட அதிகமாக ரத்தக்கட்டுக்கு இடமளிப்பது தெரியவந்த நிலையில், 2017இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் கம்பிகளின் தடிமன் உள்ளிட்ட பல காரணங்கள் பேசப்பட்டன. சில ஆண்டுகளில் மறைந்துவிடும் என்ற உறுதிமொழி, மறையும் வரையிலான நாட்களில் அது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு விடையாகாது.

ஆகவே சோதனை முறையிலும் ஒரு திருத்தம் தேவை. காமா கதிர்வீச்சால் கிருமி நீக்கும்போதே இவ்வகைப் பாலிமர்களின் சங்கிலிகள் பல அறுந்துவிடுகின்றன. மெல்லிய தகட்டை வைத்துச் சோதித்துக் கிடைக்கும் அளவு தடித்த திருகுக்குப் பொருந்துவதுமில்லை. எனவே 37 பாகை செல்சியசில் நடத்தப்படும் சிதைவுச் சோதனை, கிருமி நீக்கம் முடிந்த பிறகு, நோயாளிக்குப் பொருத்தப்படும் அதே வடிவிலும் தடிமனிலும் செய்யப்பட வேண்டும். அதன் முடிவை அறுவை மருத்துவருக்கான குறிப்பேட்டில் மட்டுமல்லாமல், நோயாளியின் கையில் தரப்படும் அட்டையிலும் அச்சிட ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
பாலிமர் வேதியியல் ஆசிரியர் ஒருவர்