55 கிலோவுக்காக ஓடாதே, மகள்

அன்பு மகள்,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பின பயிற்சி அட்டவணையை நேற்றிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் "ஓம் அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இருந்து ஆறுதலாக வாசி.

விடிய 10 கிலோமீட்டர் ஓட்டம். பின்னேரம் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு ஓட்டம். இரவுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். எல்லாம் கராத்தேப் போட்டிக்கு 57 கிலோவில் இருந்து 55 கிலோப் பிரிவுக்கு இறங்குவதற்காக. கடைசி வரியில் நீயே எழுதியிருக்கிறாய்: "குமித்தேயில் முதல் நிமிடத்துக்குப் பிறகு கால் எழும்புதில்லை அம்மா." குமித்தே, உங்கள் நேருக்கு நேர் சண்டை. கால் ஏன் எழும்புதில்லை என்பது அதற்கு மேலே இருக்கிற மூன்று வரியிலும் இருக்கிறது, மகள்.

முதலில் அந்த மழைக்கோட்டை இன்றைக்கே கழற்றிவை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காய விடாமல் பொலித்தீனால் மூடினால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். குறைகிறது தண்ணீர் மட்டும்தான், கொழுப்பு இல்லை. ஒரு போத்தல் தண்ணீர் குடித்தவுடன் அந்த நிறை திரும்பி வந்துவிடும். உடம்பு நிறையில் 2 வீதம் தண்ணீர் போனாலே ஓட்டமும் கவனமும் மங்கத் தொடங்கும். உனக்கு அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நீ இறக்கப் பார்ப்பது இரண்டு கிலோ. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளில் மல்யுத்தம் செய்த மூன்று பெடியன்கள் போட்டிக்காக இப்படி நிறை குறைக்கப்போய், சில கிழமைகளுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரப்பர் உடுப்புக்கும் நீராவி அறைக்கும் தடை போட்டார்கள். அவர்களும் உன்னைப் போல நல்ல தேகபலம் உள்ள பிள்ளைகள்தான்.

சரி, இனி ஓட்டத்துக்கு வருவோம். ஓடுவதை விடு என்று நான் சொல்ல வரவில்லை. எதற்காக ஓடுகிறாய் என்பதை மாற்று.

உங்கள் சண்டை 3 நிமிடம். அந்த 3 நிமிடமும் ஒருத்தரும் விடாமல் அடித்துக்கொண்டிருப்பதில்லை. துள்ளித் துள்ளி இடம் பார்ப்பாய், இரண்டு மூன்று வினாடி பாய்ந்து அடிப்பாய், நடுவர் "யமே", நிறுத்து, என்பார், திரும்பப் போய் நிற்பாய். அந்தப் பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தி மூச்சில் இருந்து வருவதில்லை. தசைக்குள்ளேயே ஒரு கையிருப்பு இருக்கிறது. முழு வேகத்தில் செலவழித்தால் ஏறக்குறைய 10 வினாடிக்குத்தான் காணும். பிறகு அள்ளின கிணறு ஊறுகிற மாதிரி அது ஊற வேண்டும். பாதி ஊற அரை நிமிடம் அளவில் எடுக்கும், முழுக்க ஊற 3 நிமிடமோ அதற்கும் மேலோ போகும். ஊற வைப்பது நீ இழுக்கிற மூச்சு. மூச்சு நல்லாக இருந்தால் கெதியாக ஊறும்.

நீண்ட ஓட்டத்தால் கராத்தேக்காரிக்குக் கிடைப்பது அதுதான். இதயம் ஒரு துடிப்பில் கூட இரத்தம் தள்ளப் பழகும், தசைக்குள் நுண்குழாய்கள் பெருகும், இரண்டு பாய்ச்சலுக்கு இடையில் நீ மற்றவளைவிட முந்தி ஆறுவாய். ஆனால் அதற்கு மெதுவாக ஓட வேண்டும். நீ தினமும் மணிக்கூட்டைப் பார்த்து நேற்றைய நேரத்தை முறியடிக்க ஓடுகிறாய். அது உடம்பை ஆறவும் விடாது, பாய்ச்சலையும் வளர்க்காது, களைப்பு மட்டும்தான் சேரும். பக்கத்தில் ஓடுகிறவளோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும், அதுதான் வேகத்தின் அளவு. நின்று மணிக்கட்டில் விரலை வைத்து 15 வினாடி எண்ணிப்பார். 30க்கும் 35க்கும் இடையில் இருந்தால் சரி. கிழமைக்கு இரண்டு தரம், 40 நிமிடம் போதும்.

மற்ற நாட்களில் ஓட்டம் சுருக்கமாகவும் கடுமையாகவும் இருக்கட்டும். கண்டியில் உனக்கு அந்தனை மலை பக்கத்தில் இருக்கிறது, எங்களுக்கு இங்கே மட்டக்களப்பில் ஏறுவதற்குக் கல்லடிப் பாலத்தை விட்டால் ஒன்றும் இல்லை. ஏற்றமான ஒரு ரோட்டைப் பிடித்து, 8 முதல் 10 வினாடி முழு மூச்சாக மேலே ஓடு. முழங்கால் உயரட்டும், கை வீச்சு இருக்கட்டும். பிறகு நடந்து இறங்கு. ஆறுதலாக நட, அவசரப்படாதே. ஆறு தரம் ஓடினால் காணும். ஏற்றத்தில் ஓடும்போது குதிக்காலில் மோதல் குறையும், தொடையும் பின்பக்கமும் நல்லாக வேலை செய்யும். உன்னுடைய கிஸாமி, அந்த முன்கைக் குத்து, முன்னே பாய்வதும் அதே தள்ளலில்தான்.

இங்கே பின்னேர வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிறதைச் சொல்கிறேன், அதை அப்படியே செய். 10 வினாடி முழு வேகத்தில் குத்தும் உதையும், 20 வினாடி காவல் கையைத் தூக்கியபடியே துள்ளல். இப்படி ஆறு தரம் செய்தால் ஒரு சண்டையின் 3 நிமிடம் சரியாக வரும். பிறகு 3 நிமிடம் நடந்து ஆறிவிட்டு இன்னொரு சுற்று. மூன்று சுற்று வரைக்கும் போகலாம். நான் பிள்ளைகளின் காலைப் பார்ப்பதைவிடக் கையைத்தான் பார்ப்பேன். முதல் மூன்று தரம் கை முகவாய்க்கு நேரே நிற்கும். நாலாவது தரத்தில் முன்கை மெல்ல மெல்ல இறங்கி இடுப்பில் வந்து நின்றுவிடும், பிள்ளைக்கே தெரியாது. தோள் காதுப்பக்கம் ஏறும், வாய் திறக்கும், குத்தும்போது மூச்சு வெளியே வராமல் நெஞ்சுக்குள் நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தி, மூச்சை ஊதி விடச் சொல்லி, கையைத் தூக்க வைத்துத்தான் ஐந்தாவதை விடுவேன். உன் சிநேகிதியைக் கொண்டு உன்னை வீடியோ எடுத்துப் பார். உன் கை எந்தத் தரத்தில் இறங்குகிறது என்று எனக்கு எழுது. தலைக்கு ஒரு உதை 3 புள்ளி, 8 புள்ளி வித்தியாசம் வந்தால் சண்டையே முடிந்துவிடும். கடைசி அரை நிமிடத்திலும் காலைத் தூக்க முடிந்தவளிடம்தான் ஆட்டம் இருக்கும்.

20 வினாடி வேலை, 10 வினாடி ஓய்வு என்று எட்டுத் தரம் செய்கிற தபாட்டா முறையைப் பற்றியும் கேட்டிருந்தாய். இசுமி தபாட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1996இல் அதை வெளியிட்டார். பனிச்சறுக்கு வேக ஓட்டக்காரர்களின் பயிற்சியில் இருந்து வந்தது, சைக்கிளில் வைத்துச் சோதித்தது. எட்டாவதில் சைக்கிளை மிதிக்க முடியாத அளவுக்குக் கடுமையாகச் செய்தால்தான் அதற்குப் பெயர் தபாட்டா. நல்ல முறைதான், ஆனால் உதையின் வடிவம் குலையும். அதனால் கயிறு அடிப்பதில் மட்டும் வைத்துக்கொள், கிழமைக்கு ஒரு தரம்.

குந்தி எழும்புதல், ஒற்றைக்கால் குந்தல், டிப்ஸ், குதி உயர்த்தல், வயிற்றுப் பிடிப்பு ஆகியவை உனக்குத் தெரிந்ததுதான், விடாமல் செய். உன் அம்மப்பா சிலம்படி பழகின காலத்தில் ஓட்டம் என்று தனியாக ஒன்றும் வைத்ததில்லை. மணலில் தாழக் குந்திக் காலடி மாறி மாறி வைப்பதுதான் அவர்களுடைய பயிற்சி. எழுபது வயதிலும் அவர் கையை ஊன்றாமல் நிலத்தில் இருந்து எழும்புவார்.

மணல் என்றதும் ஒன்று. லீவுக்கு வரும்போது கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயிலடியில் இருந்து நாவலடிப் பக்கம் ஓடுவோம் என்றாய். நல்ல விசயம். ஆனால் புதையும் மணலில் ஓட, கெட்டி நிலத்தில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே சக்தி போகும், குதிநரம்பும் கெண்டைக்காலும் இழுபடும். முதல் நாளே அங்கே இறங்காதே. அலை நனைத்த மணலில் ஓடு. அது கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். போன தூரத்தை அதே கரையால் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் கணக்குச் சரியாகும்.

ஆவணியில் போட்டி மட்டக்களப்பில்தான் என்றால் சுடுகிற கச்சான் காற்றையும் யோசி. கண்டிக் குளிரில் பழகின உடம்பு இந்த வெக்கைக்குப் பழக 10 நாள், இரண்டு கிழமை வேண்டும். முன்னதாக வந்து நில். காலை 6 மணிக்கு முன் ஓட்டம், மோரோ இளநீரோ கையில் இருக்கட்டும், வியர்த்துக் கொட்டின நாளில் ஜீவனி உப்புச் சீனித் தூள் ஒரு பக்கெற் கரைத்துக் குடி.

இனி, அப்பாவுக்குக் காட்டாமல் நீ வாசிக்க வேண்டிய பகுதி. இரண்டு மாதமாக பீரியட் வரவில்லை என்றாய், "பயிற்சி கூடினால் அப்படித்தானாம்" என்றும் சொன்னாய். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது, மகள். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் நிறுத்துகிறது அதைத்தான். அடுத்ததாக எலும்பு. உன் வயதில்தான் எலும்பு கட்டி முடிகிறது. அது குறைந்தால் கணைக்கால் எலும்பில் மயிரிழை வெடிப்பு வரும், அதோடு ஒரு வருடமே போகும். கம்பஸ் வைத்தியரிடம் இந்தக் கிழமையே போ. இரத்தத்தில் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல். இரவில் பிஸ்கட் வேண்டாம். பயறு அவித்துச் சாப்பிடு, முட்டை, சூரை மீன், கீரை, குரக்கன் பிட்டு எல்லாம் சேர்த்துக்கொள். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டுவிடு.

நிறையைப் பற்றி என் முடிவைச் சொல்கிறேன். இந்தமுறை 61 கிலோப் பிரிவில் இறங்கு. எதிரே வருகிறவள் உன்னைவிட மூன்று நாலு கிலோ கூட இருப்பாள், இருக்கட்டும். உன்னுடைய பலம் தூரமும் நேரமும். தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, நல்லாக உறங்கின 57 கிலோ பிள்ளை, காய்ந்துபோன 55 கிலோ பிள்ளையைவிட வேகமாகப் பாய்வாள். 55தான் வேண்டும் என்று உனக்குப் பிடிவாதம் இருந்தால், போட்டி முடிந்த பிறகு, பீரியட் ஒழுங்காகி, வைத்தியரும் சம்மதித்தால், கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் மெல்லமாக இறக்கலாம். நானே கூட இருந்து பார்ப்பேன்.

பொம்பிளைப் பிள்ளை விடியப்புறம் ரோட்டில் ஓடுவதா என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். கேட்கட்டும். நீ ஓடு, ஆனால் தனியாக ஓடாதே. அந்தப் பொலன்னறுவைப் பிள்ளையையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ.

நாளையில் இருந்து படுக்கையை விட்டு எழும்ப முதல் நாடித்துடிப்பை எண்ணி எனக்கு எழுதி அனுப்பு. வழமையைவிட 7, 8 கூடி இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, படுத்து உறங்கு. உங்கள் பயிற்றுநரிடம் 61க்குப் பெயர் கொடுக்கச் சொல்லி இந்தக் கிழமைக்குள் கதை. தயக்கமாக இருந்தால் சொல், நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா