வயிற்றை அமுக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லணை திறந்து வெண்ணாறு, வெட்டாறு, கிளை வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் பிள்ளைகள் மூழ்கிய செய்தியும் வந்துவிடுகிறது. கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் பக்கம் இன்னும் நிற்கவில்லை. தயவுசெய்து வேண்டாம். வெளியே வருவது இரைப்பைத் தண்ணீர். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் மேலும் கெடும். மூளையோ ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடத்தில் சேதமடையத் தொடங்கிவிடும்.

அசைவும் மூச்சும் இல்லையென்றால் (விட்டுவிட்டு வாயைப் பிளந்து இழுப்பது மூச்சல்ல) மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்குங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். மார்பு எழும்பாவிட்டால் தலை சரியாகச் சாயவில்லை என்று பொருள். பிறகு நடுநெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், பிள்ளைகளுக்கு மார்புத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வோர் அமுக்கலுக்குப் பின்னும் மார்பு முழுதாக எழும்ப வேண்டும். இல்லையேல் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே நேரத்தைக் கழிக்காதீர்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கண் விழித்தவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலாம். ஊராட்சிகள் படித்துறைதோறும் இதைப் படத்துடன் எழுதி வைக்க வேண்டும்.

— ஒரு வாசகர், திருவையாறு